நின்றால் விரையும் நாடி: பாட்ஸ் நோயும் இல்லத்தார் கடமையும்



நிற்பது ஒரு வேலை என்று எவரும் கருதுவதில்லை. ஜினாலயத்தில் அபிஷேகம் முடியும்வரை நின்று வழிபடுவோர், வீடு திரும்பியபின் ‘இன்று ஒரு மணி நேரம் நின்றேன்’ என்று சொல்லிக்கொள்வதும் இல்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தைக் கடக்க இயலாத சிலர் எல்லா ஊர்களிலும் இருக்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் இளம்பெண்கள். எழுந்து நின்ற சில நிமிடங்களில் நெஞ்சு படபடக்கிறது, கண் இருள்கிறது, கை நடுங்குகிறது, நினைவு மங்குகிறது. அமர்ந்தாலோ படுத்தாலோ அத்துன்பம் தணிந்துவிடுகிறது. தணிந்துவிடுவதனாலேயே அதனை நோய் என்று சுற்றத்தார் நம்புவதில்லை. சோம்பல் என்றும், நடிப்பு என்றும், மனக்கோளாறு என்றும் பெயர்கள் சூட்டப்படுகின்றன.

இந்நோய்க்கு மருத்துவ நூல்கள் தரும் பெயர் ‘போஸ்ச்சுரல் ஆர்த்தோஸ்டேடிக் டாக்கிகார்டியா சிண்ட்ரோம்’. அதன் முதலெழுத்துகளைச் சேர்த்துப் ‘பாட்ஸ்’ என வழங்குவர். உடல் நிமிர்ந்த நிலைக்கு வரும்போது நாடி அளவு கடந்து விரைதலும், அதனோடு வரும் துன்பங்களின் தொகுதியும் என்பதே அப்பெயரின் பொருள். இன்றைய உரை, இந்நோயின் இயல்பையும், அதனைக் கண்டறியும் முறையையும், அதனோடு வாழும் வழியையும் குடும்பத்தார் அறியும் பொருட்டு அமைந்தது.

நிற்கும்போது உடலில் நிகழ்வது

ஒருவர் எழுந்து நின்றவுடன், ஏறத்தாழ அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரையிலான குருதி, புவியீர்ப்பினால் மார்புப் பகுதியினின்று இறங்கி வயிற்றிலும் கால்களிலும் தங்குகிறது. இதயத்திற்குத் திரும்பும் குருதி அந்த அளவிற்குக் குறைகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் இதனை உடனே உணர்ந்து மூளைக்குத் தெரிவிக்கின்றன. விருப்பத்திற்குக் கட்டுப்படாது தானே இயங்கும் நரம்பு மண்டலம், கால்களிலும் வயிற்றிலும் உள்ள குருதிக்குழாய்களைச் சுருக்கி, இதயத்தையும் சற்றே விரைவுபடுத்துகிறது. நலமுடையவரிடத்தில் நாடி நிமிடத்திற்கு 10 முதல் 20 துடிப்பு வரை கூடி நிலைபெறும். நின்றவர் இதனை உணர்வதும் இல்லை.

பாட்ஸ் உடையவரிடத்தில் இந்த ஒழுங்கு பிறழ்கிறது. சிலருக்குக் கால் நரம்புகள் பழுதுற்றுக் குழாய்கள் போதிய அளவு சுருங்குவதில்லை. சிலருக்கு உடலில் ஓடும் குருதியின் மொத்த அளவே குறைவாக உள்ளது. வேறு சிலருக்கு, நின்றவுடன் நார்அட்ரினலின் என்னும் பொருள் மிகையாகச் சுரக்கிறது. பலரிடம் இக்காரணங்கள் கலந்தே காணப்படுகின்றன. எவ்வாறாயினும் விளைவு ஒன்றே: குறைந்த குருதியைக் கொண்டு மூளையைக் காக்க இதயம் மிக விரைந்து துடிக்கிறது. படுத்திருக்கையில் 72 ஆக இருந்த நாடி, நின்ற ஐந்தாம் நிமிடத்தில் 115ஐத் தாண்டக்கூடும்.

நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் அச்சத்தின் அடையாளங்களாகவே உலகோர்க்குத் தெரியும். ஆகவே பாட்ஸ் உடையவர் அஞ்சுகிறார் என்று காண்போர் முடிவு செய்கின்றனர். உண்மையில் அச்சத்தின்போது சுரக்கும் அதே பொருள், இங்கே எழுந்து நின்றதன் பொருட்டுச் சுரக்கிறது. மனம் அமைதியாக இருக்கையிலும் உடல் அஞ்சியது போன்ற தோற்றம் கொள்கிறது.

பழைய நோய், புதிய பெயர்

இந்நோய் இக்காலத்தில் தோன்றியதன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஈடுபட்ட வீரர்களிடம், நெஞ்சில் குறையேதும் காணப்படாமலே படபடப்பும் மூச்சுத்திணறலும் சோர்வும் மிகுந்திருந்ததை ஜேக்கப் மெண்டிஸ் டா கோஸ்டா என்னும் மருத்துவர் ஆராய்ந்து 1871ஆம் ஆண்டில் எழுதினார். முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் தாமஸ் லூயிஸ் இதையொத்த நிலையைப் ‘படைவீரர் இதயம்’ என்ற பெயரால் ஆராய்ந்தார். இன்றைய பெயரும் அளவுகோலும் 1993ஆம் ஆண்டில் ஷோண்டார்ஃப், லோ என்னும் இருவர் வெளியிட்ட கட்டுரையால் நிலைபெற்றன.

போர்க்களம் கண்ட ஆடவர் இத்துன்பத்தைச் சொன்னபோது உலகம் அதனை நோயாகக் கருதி ஆராய்ந்தது. வீட்டில் இருக்கும் பெண் அதனையே சொல்லும்போது நம்பத் தயங்குகிறது. 2019ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில் இந்நோயுடையோர் 4,835 பேர் தம் நிலையை எடுத்துரைத்தனர். அவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு மேற்பட்டோர் பெண்கள். நோய்க்குறி தோன்றிய நாள் முதல் நோய் இன்னதென அறியும் நாள் வரை அவர்கள் காத்திருந்த காலத்தின் இடைநிலை அளவு இரண்டு ஆண்டுகள். அந்த இரண்டு ஆண்டுகளில் ஒரு மாணவி கல்லூரியை விட்டிருக்கலாம்; ஒருவர் வேலையை இழந்திருக்கலாம்; இன்னொருவர் தம்மையே நம்பாதவராக மாறியிருக்கலாம்.

பெரும்பாலும் 15 முதல் 50 வயதிற்குள் இந்நோய் தொடங்குகிறது. தொற்றுக் காய்ச்சல், அறுவை சிகிச்சை, மகப்பேறு, தலைக்காயம் ஆகியவற்றின் பின்னர் தோன்றுவது உண்டு. கொரோனா தொற்றிலிருந்து மீண்டோர் பலரிடம் இது காணப்பட்டதன் பிறகே மருத்துவர்களிடையே இதன் பெயர் பரவலாயிற்று. மூட்டுகள் இயல்பை மீறி வளையும் தன்மையுடையோரிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

பத்து நிமிடச் சோதனை

இந்நோயைக் கண்டறிய முதலில் வேண்டுவது விலையுயர்ந்த கருவியன்று. பத்து நிமிடப் பொறுமை. நோயாளரை 5 முதல் 10 நிமிடம் அமைதியாகப் படுக்கவைத்து நாடியையும் குருதி அழுத்தத்தையும் குறிக்கவேண்டும். பின்னர் எழுந்து, அசையாமல் நிற்கச் செய்து 1, 3, 5, 10 ஆகிய நிமிடங்களில் மீண்டும் குறிக்கவேண்டும். நாடி 30 துடிப்போ அதற்கு மேலோ கூடி, அந்நிலையே நீடித்தால் ஐயம் வலுப்பெறும். 12 முதல் 19 வயதினர்க்கு இந்த அளவு 40 துடிப்பு. குருதி அழுத்தம் பெரிதும் வீழ்ந்திருத்தல் கூடாது. வீழ்ந்தால் அது வேறொரு நோய். துன்பங்கள் குறைந்தது மூன்று மாதங்களாவது தொடர்ந்திருக்கவேண்டும்.

மருத்துவமனைகளில் அழுத்தமும் நாடியும் அமர்ந்த நிலையிலேயே பார்க்கப்படுகின்றன, இ.சி.ஜி. படுத்த நிலையில் எடுக்கப்படுகிறது. ஆகவே நிற்கும்போது மட்டும் வெளிப்படும் இந்நோய் அச்சோதனைகளில் அகப்படாமல் போகிறது. ‘எல்லாம் சரியாக உள்ளது’ என்ற அறிக்கை, நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. நிற்கவைத்துப் பார்க்குமாறு மருத்துவரிடம் பணிவுடன் கேட்பதில் குடும்பத்தார் தயங்க வேண்டுவதில்லை.

வீட்டில் உள்ள மின்னணு அழுத்தமானியைக் கொண்டும் இந்த அளவுகளைக் குறித்து மருத்துவரிடம் காட்டலாம். அவ்வாறு செய்கையில் அருகில் ஒருவர் இருத்தல் வேண்டும். மயக்கம் வருவதாகத் தோன்றினால் உடனே நிறுத்திப் படுக்கவைத்தல் வேண்டும். ஆனால் முடிவு கூறும் பொறுப்பு மருத்துவருடையது. குருதிச்சோகை, தைராய்டு மிகைச் சுரப்பு, நீரிழப்பு, சில மருந்துகளின் விளைவு ஆகியவையும் நாடியை விரைவுபடுத்தும். அவற்றை விலக்கிய பின்னரே பாட்ஸ் என்று கூறுதல் முறை. ஓடும்போதோ உடற்பயிற்சியின்போதோ மயங்கி விழுதல், நெஞ்சுவலி, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நேர்ந்திருத்தல் ஆகியவை இருந்தால் காலந்தாழ்த்தாமல் இதய மருத்துவரை நாடவேண்டும்.

நீரும் உப்பும்

சிகிச்சையின் முதற்படி அடுக்களையில் உள்ளது. நாளொன்றுக்கு 2 முதல் 3 லிட்டர் நீரும், 10 முதல் 12 கிராம் உப்பும் கொள்ளுமாறு 2015ஆம் ஆண்டின் வல்லுநர் பரிந்துரை கூறுகிறது. மற்றவர்க்கு நாளொன்றுக்கு 5 கிராமிற்குக் குறைவான உப்பே போதுமென உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துவதை நோக்க, இது இருமடங்கிற்கு மேற்பட்டது. நீரை மட்டும் மிகுதியாகப் பருகினால் அது சிறுநீராய் வெளியேறிவிடும். உப்பே அதனைக் குருதிக்குழாய்களுக்குள் நிறுத்திவைக்கிறது. உயர் அழுத்தம், சிறுநீரக நோய், இதயத் தளர்ச்சி உள்ளவர்க்கு இம்முறை தீங்கு விளைக்கும். ஆதலின் மருத்துவர் அளவு குறித்த பின்னரே தொடங்கவேண்டும்.

உப்பிட்ட மோர், உப்பிட்ட எலுமிச்சைச் சாறு, கஞ்சி, ரசம் ஆகியவை நம் வீடுகளில் எளிதிற் கிடைப்பவை. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி அமைந்த ஓ.ஆர்.எஸ். பொடியும் பயன்படும், அதன் ஒரு லிட்டரில் 2.6 கிராம் உப்பு உள்ளது. காலையில் படுக்கையை விட்டு எழுமுன் அரை லிட்டர் நீரை விரைவாகப் பருகினால் சில நிமிடங்களில் பயன் தொடங்கி ஏறத்தாழ ஒரு மணி நேரம் நிற்கும். இரவு முழுதும் நீர் பருகாததனால் காலைப் பொழுதே இந்நோயுடையோர்க்கு மிகக் கடினமான பொழுது. பள்ளிக்குச் செல்லும் பெண் காலையில் எழத் தாமதிப்பதற்கு இதுவே காரணமாகலாம்.

கட்டிலின் தலைப்பக்கக் கால்களின் கீழ் மரக்கட்டை வைத்து 10 முதல் 15 சென்டிமீட்டர் உயர்த்துவது நன்று. இடுப்பு வரை இறுக்கிப் பிடிக்கும் காலுறைகள் கீழிறங்கும் குருதியைத் தடுக்கின்றன. கோடை வெப்பத்தில் அவற்றை அணிய இயலாதவர்க்கு வயிற்றுப்பட்டை மட்டுமே ஓரளவு உதவும். வயிறு நிறைய ஒரே வேளையில் உண்பதைக் காட்டிலும் சிறிது சிறிதாகப் பலமுறை உண்பது ஏற்றது. பேருணவிற்குப்பின் குருதி வயிற்றிற்குத் திரள்கிறது. வெந்நீர்க் குளியல், உச்சிவெயில், புழுக்கமான கூட்டம் ஆகியவை துன்பத்தை மிகுவிக்கும். நின்றே தீரவேண்டிய இடத்தில் கால்களைப் பின்னி இறுக்குதலும், கைம்முட்டியை அழுத்தி மூடுதலும், இயலாதபோது குந்தி அமர்தலும் மயக்கத்தைத் தடுக்கும்.

படுத்தவாறே தொடங்கும் பயிற்சி

இந்நோயில் உடற்பயிற்சி மருந்துக்கு நிகரானது. ஆனால் நடைப்பயிற்சியில் தொடங்குவோர் பெரும்பாலும் தோற்றுப்போகின்றனர். நிற்பதே இயலாதவரை நடக்கச் சொல்வது முறையன்று. சாய்ந்தமர்ந்து மிதிக்கும் சைக்கிள், துடுப்பு வலிக்கும் கருவி, நீச்சல் ஆகியவற்றில் தொடங்கி, மாதங்கள் சென்ற பின்னரே நிமிர்ந்த பயிற்சிக்கு வரவேண்டும். கருவி இல்லாத வீட்டில் பாய் விரித்துப் படுத்துக் கால்களைத் தூக்கி இறக்குதலும், முழங்கால் மடக்கி இடுப்பை உயர்த்துதலும் போதும். அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் நிகழ்ந்து 2010ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், மூன்று மாதம் இவ்வகைப் பயிற்சியை முடித்த 19 பேருள் 10 பேர் பாட்ஸ் என்னும் வரையறைக்கு உட்படாதவராயினர். முதற்சில வாரங்களில் சோர்வு கூடுவது இயல்பு. ஆயினும் சிறு உழைப்பிற்குப் பின்னும் நாட்கணக்கில் படுத்துவிடுவோரை வற்புறுத்துதல் கூடாது. அவர்களுக்கு வேறு அளவு வேண்டும்.

இவற்றால் தீராதபோது மருந்துகள் உள்ளன. புரோபிரனோலால் என்னும் மருந்து சிறிய அளவிலேயே நற்பயன் தருகிறது. 20 மில்லிகிராம் தந்த நலத்தை 80 மில்லிகிராம் தரவில்லை என 2009ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டிற்று. ஆஸ்துமா உடையோர்க்கு அது ஆகாது. ஐவாபிரடின் நாடியை மட்டும் தணிக்கும், கருவுற்றோர் கொள்ளலாகாது. ஃப்ளூட்ரோகார்டிசோன் உடலில் உப்பையும் நீரையும் நிறுத்தும். மிடோட்ரின் குருதிக்குழாய்களைச் சுருக்கும். அதனை உண்டபின் படுத்தல் கூடாது. எது எவர்க்கு ஏற்றதென்பதை மருத்துவரே அறிவார். ஒரு மருந்து பயன்தராவிடின் நோய் பொய்யென்று கொள்ளாமல், மற்றொன்றை ஆராய்தல் வேண்டும்.

நோன்பும் நோயும்

இந்த அவையினர்க்குத் தனியே கூறவேண்டிய செய்தி ஒன்றுண்டு. உபவாசமும், ஏகாசனமும், இரவுண்ணாமையும், உப்பை நீக்கி உண்ணும் ரசத்தியாகமும் சிராவகர் இல்லங்களில் பெருமையுடன் காக்கப்பட்டு வருபவை. உணவின்றி இருக்கும் முதற்சில நாட்களில் எவர் உடலிலிருந்தும் உப்பும் நீரும் சிறுநீர் வழியே கூடுதலாக வெளியேறும். நலமுடையவர் அதனைத் தாங்குவர். பாட்ஸ் உடையவர்க்கோ எதனைக் கொண்டு எழுந்து நடக்கின்றாரோ அதுவே இழப்பாகிறது. உப்பை நீக்கும் நோன்பும் அவ்வாறே. மற்றவர்க்குச் சுவையைத் துறத்தலாக அமைவது, இவர்க்கு மருந்தைத் துறத்தலாக முடிகிறது.

தத்துவார்த்த சூத்திரம் பதினாறு பாவனைகளைக் கூறுமிடத்தில், தியாகத்தையும் தவத்தையும் ‘ஆற்றலுக்கு ஏற்ப’ என்ற அடையோடுதான் வைத்துள்ளது. ஆற்றலை அளந்தறிவது தவத்தின் ஒரு பகுதியே. உப்பை விடமுடியாதவர் இனிப்பையோ நெய்யையோ விடலாம். உபவாசம் இயலாதவர் சுவாத்தியாயமும் தியானமும் மேற்கொள்ளலாம். அவையும் தவமே, அகத்தவம். காயோற்சர்க்கத்தை அமர்ந்தும் செய்யலாம். சூரியன் மறைவதற்குள் அன்றைய நீரையும் உப்பையும் பகுத்துப் பருகி முடிக்கத் திட்டமிடுவோர் இரவு விரதத்தையும் பலவேளை காத்துக்கொள்ள இயலும். இரவில் நீரின்றி இயலாத நிலை உண்டாயின், மருத்துவர் சொல்லை முனிவரிடமோ பெரியோரிடமோ எடுத்துரைத்து வழிகாட்டுதல் பெறுவதே நேரிய முறை. எவரும் அறியாமல் நோன்பிருந்து மயங்கி விழுவதும், எவரும் அறியாமல் உண்டு குற்றவுணர்வில் வாடுவதும் இரண்டுமே தவிர்க்கத்தக்கவை. இவ்விரண்டிற்கும் அந்தப் பெண்ணைத் தள்ளுவது சுற்றத்தாரின் சொல்லே.

இல்லத்தார் செய்யத்தக்கவை

அதே பதினாறு பாவனைகளுள் வையாவிருத்தியமும் ஒன்று. நோயுற்றோர்க்குத் தொண்டு செய்தல் என்பது அதன் பொருள். பாட்ஸ் உடையவர்க்குச் செய்யும் தொண்டு பெரும்பொருள் வேண்டாதது. அடுக்களையில் காய் நறுக்க ஒரு முக்காலி, குளியலறையில் மற்றொன்று. பள்ளி இறைவணக்கத்தில் அமர இசைவு கோரி மருத்துவர் சான்றுடன் ஒரு கடிதம். மேசைமேல் நீர்ப்புட்டி வைத்துக்கொள்ள ஆசிரியரின் ஒப்புதல். ஜினாலய மண்டபத்தில் முதியோர்க்கு மட்டுமன்றி இளையோர்க்கும் ஓரிரு நாற்காலிகள். அவற்றில் இளையவர் அமர்ந்தால் காரணம் கேளாதிருத்தல். திருமலை, பொன்னூர்மலை போன்ற மலைக்கோயில்களுக்குச் செல்கையில் வெயிலுக்கு முன் தொடங்கி, இடையிடையே அமர்ந்து ஏறுதல். இயலாதபோது அடிவாரத்திலேயே வழிபட்டு நிறைவடைதல்.

திருமணப் பேச்சில் இந்நோயை மறைப்பது நோயினும் பெருந்துன்பம் தரும். புகுந்த வீட்டில் விடியலில் எழுந்து நெடுநேரம் நின்று பணிசெய்ய வேண்டிய பெண், காரணம் சொல்ல உரிமையின்றித் துடிப்பாள். நோய் உயிரைப் பறிப்பதன்று, தொற்றுவதன்று, இந்நோயுடைய பெண்கள் பலர் நலமே மகப்பேறு அடைகின்றனர். இந்த உண்மைகளை வெளிப்படக் கூறி, அறிந்து ஏற்கும் குடும்பத்தைத் தேடுவதே பெற்றோர் கடமை.

பாட்ஸ் ஒரே நாளில் நீங்குவதன்று. திங்கள்களும் ஆண்டுகளும் எடுத்துக்கொண்டு பலர் தேறுகின்றனர். சிலர் முற்றும் நலமடைகின்றனர். சிலர்க்கு அது குறைந்தும் கூடியும் உடன்வருகிறது. நல்ல நாளொன்றைக் கண்டு ‘எல்லாம் சரியாயிற்று’ என்று சுமையேற்றுவதும், தீய நாளொன்றைக் கண்டு ‘இனித் தேறாது’ என்று சோர்வதும் வேண்டா. நீரும் உப்பும் பயிற்சியும் மருந்தும் தத்தம் பணியைச் செய்ய நாள் வேண்டும். அந்நாட்கள் வரையும் நோயுற்றவரைத் தாங்கி நிறுத்துவது, ‘உன் சொல்லை நம்புகிறோம்’ என்னும் வீட்டாரின் ஒரு சொல். அச்சொல்லுக்கு மருத்துவரின் சீட்டு வேண்டியதில்லை, இன்றே கூறலாம்.